ஆகாயத்துக்கு ஒரு பூட்டு

லண்டன் நகருக்குத் தெற்கே சுமார் 45 கிலோ மீட்டர் தூரத்தில் கேட்விக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரிய விமான நிலையம் உண்டு. நிலையம் பெரிதே தவிர, விமானங்கள் ஏறவும் இறங்கவும் பயன்படுவது ஒரே ஓடுபாதைதான்.

2018-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி. இரவு 9 மணி. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு 6 நாள்தான் பாக்கி. பெட்டியும் படுக்கையுமாகக் கூட்டம் நிரம்பி வழிந்தது.

விமான நிலையத்துக் காவல்காரர் ஒருவர் தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். திடுக்கிட்டார். எல்லைக்குள் டிரோன் பறக்கிறது என்று உடனே தகவல் கொடுத்தார். ஓடுபாதையை மூடினார்கள்.

விடியற்காலை திறக்கப் பார்த்தார்கள். “அதோ, மறுபடி பறக்கிறது!” என்று தகவல் வந்தது. மறுபடி மூடினார்கள். போலீசார் தேடினர். ராணுவமும் வந்தது. 21-ந் தேதி காலையில்தான் விமானங்கள் மீண்டும் கிளம்பின.

சுமார் 33 மணி நேரம் ஒரு விமான நிலையமே முடங்கிக் கிடந்தது. ஏறத்தாழ 1,000 விமானங்கள் ரத்தாயின, அல்லது வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டன. 1 லட்சத்து 40 ஆயிரம் பிரயாணிகள் அவதிப்பட்டார்கள்.

பிடிபடாத ஆள்

டிரோனை விட்டது யார்? தெரியவில்லை. 2019-ம் ஆண்டு செப்டம்பரில் போலீசார் விசாரணையையே முடித்து விட்டார்கள்.

நடுவில் ஒரு கணவன்-மனைவியைப் பிடித்தார்கள். 36 மணி நேரம் காவலில் வைத்தார்கள். பத்திரிகைகளில் அவர்கள் படம் வந்தது. பிறகு, “இவர்கள் மீது குற்றம் இல்லை” என்று விட்டு விட்டார்கள். 2020-ம் ஆண்டில் போலீஸ் இலாகா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, நஷ்ட ஈடும் வழக்குச் செலவுமாகச் சுமார் 2 லட்சம் பவுன் கொடுத்தது. பணம் வந்தது சரி. பட்ட அவமானத்துக்கு விலை உண்டா?

அந்த டிரோனின் தெளிவான படம் ஒன்று கூட வெளியே வரவில்லை. “டிரோன் வந்ததே உண்மைதானா?” என்று கேட்டவர்களும் உண்டு. இருந்தாலும், ஓடுபாதையை மூடியது தப்பு என்று சொல்ல முடியாது. வானத்தில் எமன் இருக்கிறானா இல்லையா என்று, நூற்றுக்கணக்கான பேரை ஏற்றிய விமானத்தை அனுப்பிச் சோதித்துப் பார்க்க யார் துணிவார்?

கையகலப் பொருளுக்கு ஏன் இத்தனை பயம்?

டிரோன் என்பது ஆள் ஏறாத குட்டி விமானம். நாலு மூலையிலும் விசிறி சுற்றும். கீழே நிற்கிறவர் கையில் உள்ள கருவியால் அதை ஓட்டுவார். கல்யாண வீட்டில் படம் எடுக்கிறார்களே, அதுதான். வயலில் மருந்து தெளிப்பதும் அதன் பெரிய அண்ணன்தான்.

இறங்கப் போகும் பிரயாணி விமானம் மணிக்கு 250 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த வேகத்தில், எதிரே உள்ள கையகலப் பொருள் விமானியின் கண்ணுக்குப் படாது. பட்டாலும் விலகிப் போக நேரம் இல்லை.

பறவை மோதுவதில்லையா என்று கேட்கலாம். மோதுகிறது. 2009-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி நியூயார்க்கில் ஒரு விமானத்தின் இரண்டு இஞ்சின்களிலும் காட்டு வாத்துகள் புகுந்து விட்டன. இரண்டும் நின்றன. விமானி ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கினார். அதில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். பறவைக்கே இந்தப் பாடு.

வாத்துக்கு உள்ளது எலும்பும் சதையும். டிரோனுக்குள் இருப்பது மோட்டார், பாட்டரி, காமிரா. எல்லாம் கெட்டிச் சாமான்.

அமெரிக்காவில் டேட்டன் பல்கலைக்கழகத்தார் 2018-ம் ஆண்டில் ஒரு பரீட்சை செய்தார்கள். சிறிய விமானம் ஒன்றின் இறக்கையை நிறுத்தி வைத்தார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த டிரோனை மணிக்கு 380 கிலோ மீட்டர் வேகத்தில் அதன் மேல் எறிந்தார்கள். அது இறக்கையின் முன் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. இறக்கையைத் தாங்குகிற உத்தரத்தையும் அடித்து விட்டது.

பிறகு, அதே அளவு எடையுள்ள பசைப் பிண்டத்தைப் பறவைக்குப் பதிலாக எறிந்தார்கள். வெளியே நசுங்கியது அதிகம். ஆனால் டிரோன் புகுந்த ஆழத்துக்கு அது புகவில்லை. வீட்டுக்குள் உத்தரம் முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

“பரீட்சையில் வேகத்தைக் கூட்டி வைத்து விட்டார்கள். நிஜத்தில் அப்படி நடக்காது” என்று டிரோன் செய்த கம்பெனி ஆட்சேபித்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். இரும்பும் பாட்டரியும் பஞ்சாகி விடுமா?

மொட்டை மாடிக்கு மேலே

“விமான நிலையம் அங்கே எங்கேயோ இருக்கிறது. என் வீட்டு மொட்டை மாடியில் நான் விட்டால் என்ன?” என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு இங்கேதான் ஆரம்பம்.

விமானம் கிணற்றில் வாளி இறங்குவது போல் நேராக இறங்காது. சரிவாக இறங்கும். ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் சுமார் 50 மீட்டர் வீதம் தாழ்ந்து வரும். அந்தக் கணக்குப்படி, ஓடுபாதைக்கு 5 கிலோ மீட்டர் முன்னால் அது தரையிலிருந்து 280 மீட்டருக்குள் வந்து விடுகிறது. 2 கிலோ மீட்டர் இருக்கும்போது 120 மீட்டர்தான். கடையில் வாங்கும் சாதாரண டிரோன் இந்த உயரங்களுக்கு ஒரே மூச்சில் ஏறி விடும்.

அதாவது, பல்லாவரத்திலும் நங்கநல்லூரிலும் உள்ள மொட்டை மாடிகளுக்கு மேலே இருப்பது வெறும் வெட்டவெளி அல்ல. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்து வானம் அது. மதுரையில் அவனியாபுரம், பெருங்குடி பக்கம் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

நம் நாட்டில் இதற்கு விதி உண்டு. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மத்திய சர்க்கார் டிரோன் விதிகளை வெளியிட்டது. அதன்படி வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தார்கள். சிவப்பில் பறக்க மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டும். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். பச்சையில் அந்த அனுமதிகள் தேவை இல்லை.

விமான நிலையத்தின் சுற்றுச் சுவரிலிருந்து 8 கிலோ மீட்டருக்குள் எந்த உயரமும் பச்சை இல்லை. 8-லிருந்து 12 கிலோ மீட்டர் வரை 60 மீட்டர் உயரம் பச்சை. அதற்கு அப்பால், வேறு தடை இல்லாத இடங்களில், 120 மீட்டர் வரை பச்சை. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று எழுதி வைத்தார்கள்.

கால் கிலோவுக்கு மேற்படாத சின்ன டிரோனை ஓட்ட, ஓட்டுநர் சான்றிதழ் தேவை இல்லை. இதைக் கேட்டு, “அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் விடலாம்” என்று சிலர் முடிவு கட்டி விடுகிறார்கள். சலுகை சான்றிதழுக்குத்தான். இடத் தடை அதற்கும் உண்டு.

கால் கிலோ என்ன செய்து விடும் என்று கேட்பவர்கள் அடுத்த சம்பவத்தைப் படிக்க வேண்டும்.

நெருப்பை வேடிக்கை பார்த்தவர்

2025-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெருந்தீ. வீடுகள் தெருத் தெருவாக எரிந்து கொண்டிருந்தன. தீயை அணைக்கக் கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்திலிருந்து விசேஷ விமானங்கள் வந்திருந்தன. அவை கடல் மேல் உராய்ந்தபடியே போய், 12 வினாடியில் சுமார் 6,000 லிட்டர் தண்ணீரை மொண்டு எடுக்கும். கொண்டு போய் நெருப்பின் மேல் கொட்டும்.

அந்த வட்டாரத்தில் டிரோன் விடக்கூடாது என்று தற்காலிகத் தடை போட்டிருந்தார்கள்.

ஜனவரி 9-ந் தேதி ஒருவர் கார் நிறுத்தும் கட்டிடத்தின் உச்சி மாடிக்குப் போனார். நெருப்பைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தன் சின்ன டிரோனைக் கிளப்பினார். எடை ஏறத்தாழ கால் கிலோ. அது 2,500 மீட்டருக்கு மேல் போய் விட்டது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. தண்ணீர் விமானம் மட்டும் அந்த வழியே வந்தது.

மோதல்!

விமானத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். நல்ல வேளையாகப் பத்திரமாக இறங்கினார்கள். இறங்கிய பின் பார்த்தால், இடது இறக்கையில் 3 அங்குல அகலம், 6 அங்குல நீளத்துக்கு ஓட்டை! விமானத்தைப் பழுது பார்க்க நிறுத்தி வைத்தார்கள். ஊர் எரிந்து கொண்டிருக்கும்போது, தண்ணீர் கொட்ட வேண்டிய விமானம் கொட்டகையில் நின்றது.

அந்த மனிதர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 65 ஆயிரம் டாலருக்கு மேல் கட்டுவதாகவும் சம்மதித்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர். இந்த விஷயத்தில் பெரிய ஆபத்தே வேடிக்கை பார்க்கிறவர்கள்தான். சதிகாரன் மேல் போலீசாருக்கு ஒரு கண் இருக்கும். விடுமுறை நாளில் பொம்மை விடுகிறவர் மேல் யார் கண் வைப்பது?

கழற்றிய பூட்டு

இனித்தான் முக்கியமான விஷயம்.

உலகில் மிக அதிகமாக டிரோன் விற்பது டி.ஜே.ஐ. என்ற சீனக் கம்பெனி. 2013-ம் ஆண்டிலிருந்து அந்தக் கம்பெனி தன் டிரோன்களில் ஒரு பூட்டு வைத்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத பூட்டு. டிரோனுக்குத் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது தெரியும். பெரிய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய் வைத்தால் அது கிளம்பாது. விசையை எத்தனை தரம் அழுத்தினாலும் சண்டிமாடு போல் நிற்கும். அனுமதி பெற்றவர்கள் கம்பெனிக்கு எழுதித் திறந்து கொள்ளலாம்.

2025-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி அந்தப் பூட்டை அமெரிக்காவில் கழற்றி விடுவதாகக் கம்பெனி அறிவித்தது. லாஸ் ஏஞ்சல்சில் மோதல் நடந்து 4 நாள்தான் ஆகியிருந்தது! இனி டிரோன் நிற்காது. “இது தடை உள்ள இடம்” என்று எச்சரிக்கும். “தெரியும், போ” என்று விசையை அழுத்தினால் போய் விடும். ஐரோப்பாவில் இந்த மாறுதல் முன்பே வந்து விட்டது.

கம்பெனி சொன்ன காரணம் இதுதான்: “சட்டம் இப்படி ஒரு பூட்டைக் கேட்கவில்லை. எங்கே பறப்பது என்பது ஓட்டுகிறவர் பொறுப்பு. போலீசாரும் தீயணைப்புப் படையினரும் அவசரத்துக்குப் போகும்போது பூட்டு குறுக்கே நிற்கிறது.”

கடைசிக் காரணத்தில் நியாயம் உண்டு. உயிர் காக்கும் வேலைக்கு டிரோன் எவ்வளவு உதவுகிறது என்பதை ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா நாட்டைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். அங்கே 2016-ம் ஆண்டில் டிரோன் மூலம் ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் அனுப்பத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட வேலைக்குத் தனிச் சாவி கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும்.

நாலு பேருக்குச் சாவி தேவை என்பதற்காக, ஊரில் உள்ள எல்லாக் கதவுகளையும் திறந்து போடுவது எந்த ஊர் நியாயம்?

“ஓட்டுகிறவர் பொறுப்பு” என்ற வாதமும் எடுபடாது. ரெயில் வரும், தண்டவாளத்தில் நிற்கக்கூடாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் ரெயில்வே கேட்டை மூடத்தானே செய்கிறார்கள்? கேட்டைக் கழற்றி விட்டு, “ரெயில் வருகிறது, ஜாக்கிரதை” என்று பலகை மட்டும் மாட்டினால் எத்தனை பேர் நிற்பார்கள்? பலகை இருக்கும்போதே குனிந்து நுழைகிற ஜனங்கள் உண்டு.

தண்டவாளத்தில் நுழைகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். டிரோன் விடுகிறவர் கீழே பத்திரமாக நிற்கிறார். பணயம் வைப்பது மேலே இருப்பவர்களின் உயிரை.

“திருட்டுத்தனமாகப் பூட்டை உடைப்பவனை என்ன செய்வது?” என்று கேட்பார்கள். அவனைப் போலீசார் பார்த்துக் கொள்ள வேண்டியதுதான். வீட்டுப் பூட்டையும் திருடன் உடைக்கிறான். அதற்காக யாரும் பூட்டு வாங்காமல் இருப்பதில்லை.

வாங்கப் போகும் வீட்டில்

பரீட்சையில் பாஸ் செய்தால் டிரோன் வாங்கித் தருவதாகப் பிள்ளையிடம் சொல்லுகிற பெற்றோர் பெருகி விட்டார்கள். வாங்கித் தரட்டும். விஞ்ஞான அறிவு வளரும். ஆனால் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததும் “மெயின் ரோட்டுக்குப் போகாதே” என்று சொல்லுகிற தாய், டிரோன் வாங்கிக் கொடுத்ததும் ஒன்றும் சொல்லுவதில்லை. சொல்ல அவளுக்குத் தெரியாது. ரோட்டில் லாரி வருவது கண்ணால் காண்பது. வானத்துக் கோட்டை யாரும் கண்டதில்லை.

அந்தக் கோட்டைக் காட்ட வேண்டியது விற்பவர் கடமை. பில் போடும்போதே, “உங்கள் வீடு எந்த ஊர்? விமான நிலையம் எத்தனை தூரம்?” என்று கடைக்காரர் கேட்க வேண்டும். பட்டாசு விற்கிறவருக்கு லைசென்சும் கட்டுப்பாடும் உண்டு. வானத்தில் மோதக் கூடிய சாமானை விற்கிறவர் ஒரு வார்த்தை கேட்பதில் குறைந்து போய் விட மாட்டார்.

இங்கிலாந்தில் கேட்விக் சம்பவத்துக்கு முன்பு, விமான நிலையத்தைச் சுற்றி 1 கிலோ மீட்டருக்குத்தான் டிரோன் தடை இருந்தது. சம்பவம் நடந்த பிறகு, 2019-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதியிலிருந்து, தடையை விரித்து ஏறத்தாழ 5 கிலோ மீட்டர் வரை ஆக்கினார்கள். பட்ட பிறகு வந்த புத்தி. பட்டது 1 லட்சத்து 40 ஆயிரம் பேர்.

நம் நாடு இந்த விஷயத்தில் முதலில் நன்றாகவே யோசித்தது. 2018-ம் ஆண்டில் வெளியான முதல் விதிமுறையிலேயே “அனுமதி இல்லையேல் புறப்பாடு இல்லை” என்ற நிபந்தனை இருந்தது. பறக்க அனுமதி வந்தால்தான் டிரோனின் மோட்டார் சுற்ற வேண்டும் என்பது அதன் பொருள். சின்னஞ்சிறு டிரோன்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 2021-ம் ஆண்டு விதிகள் டிரோன் தொழிலை வளர்ப்பதற்காகப் பல கெடுபிடிகளைத் தளர்த்தின. தளர்த்தியது நல்லதே. பூச்சி மருந்து தெளிக்கும் விவசாயிக்கு 20 பாரங்கள் எதற்கு? ஆனால் அந்தத் தளர்ச்சியோடு பூட்டும் தள்ளிப் போயிற்று. அனுமதி இன்றிக் கிளம்பாத ஏற்பாடு, எல்லை தாண்டாத ஏற்பாடு ஆகியவற்றைச் சர்க்கார் பிற்பாடு அறிவிக்கலாம் என்று விதியில் எழுதினார்கள்.

வயல்வெளி டிரோனுக்கு இந்தப் பூட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. தஞ்சாவூர் ஜில்லா நெல் வயலில் அது தாராளமாகப் பறக்கலாம். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தால்தான் நிற்கும். வேலைக்குத் தேவைப்படுகிறவர்கள் அனுமதி பெற்றுச் சாவி வாங்கிக் கொள்வார்கள். கால் கிலோ டிரோனுக்கும் விலக்குக் கொடுக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சல்சில் இறக்கையை ஓட்டை போட்டது அந்த ஜாதிதான்.

சர்க்கார் பூட்டை அறிவித்தால், டிரோன் வைத்திருப்பவர்கள் அதைப் பொருத்திக் கொள்ளக் குறைந்தது 6 மாத அவகாசம் தர வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. பூட்டுச் செய்ய அது தாராளமான அவகாசம். இந்தப் பூட்டை 2013-லேயே செய்து பார்த்து விட்டார்கள்.